சூப்பர் ஸ்டாரை அனுப்பிய பிறகு 11 வெற்றி கூடுதல்: பாட்ரேஸ் பேஸ்பால் அணி போட்ட கணக்கு என்ன?

ஒரு அணியில் உலகின் மிகச் சிறந்த பேட்டர்களில் ஒருவர் இருக்கிறார். வயது 25தான். அந்த சீசனில் 162 ஆட்டங்களில் ஒன்றைக்கூட விடாமல் ஆடி, 35 ஹோம் ரன் அடித்திருக்கிறார். அவரை யாராவது வேறு அணிக்குத் தூக்கிக் கொடுப்பார்களா?

அமெரிக்காவின் சான் டியாகோ பாட்ரேஸ் அணி கொடுத்தது. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் ஹுவான் சோட்டோவை நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு அனுப்பியது. இனி அவ்வளவுதான், பாட்ரேஸ் கதை முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள்.

ஆனால் நடந்தது வேறு. சோட்டோ இருந்த 2023-ல் அந்த அணி 82 ஆட்டங்களில் வென்றது. அவர் இல்லாத 2024-ல் 93 ஆட்டங்களில் வென்றது. அதுவும் வீரர்களுக்கான சம்பளச் செலவை ஏறக்குறைய 8 கோடி டாலர் குறைத்துக்கொண்டு!

இது எப்படி சாத்தியமானது? சோட்டோவை அனுப்பியதால்தான் அணி முன்னேறியதா? அந்த ஒரு குளிர்காலத்தில் எடுக்கப்பட்ட முடிவுகளைப் புரிந்துகொண்டால், அமெரிக்க பேஸ்பாலில் பணம் எப்படி வேலை செய்கிறது என்பதும் புரிந்துவிடும்.

ஆஃப் சீசன்: ஆட்டம் இல்லாத ஆட்டம்

மேஜர் லீக் பேஸ்பாலில் (எம்.எல்.பி) மொத்தம் 30 அணிகள். மார்ச் இறுதியில் தொடங்கும் சீசன், நவம்பர் தொடக்கத்துக்குள் முடிந்துவிடும். அதன் பிறகு பிப்ரவரி வரை மைதானத்தில் வேலை இல்லை. அந்த இடைவெளிதான் ஆஃப் சீசன்.

யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது, யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்பதெல்லாம் முடிவாவது பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். ஒப்பந்தம் முடிந்த வீரர் 'ஃப்ரீ ஏஜென்ட்' ஆகி யாரிடம் வேண்டுமானாலும் போகலாம். ஒப்பந்தத்தில் இருக்கும் வீரரை, இன்னொரு அணியின் வீரர்களுக்கு மாற்றாகக் கொடுக்கலாம். அதற்குப் பெயர் டிரேட்.

2023-ல் பாட்ரேஸுக்கு என்ன ஆச்சு?

சான் டியாகோ, கலிஃபோர்னியாவின் தென்கோடியில் இருக்கும் நகரம். தெற்கே மெக்சிகோ எல்லை, மேற்கே கடல், கிழக்கே பாலைவனம். வடக்கே போனால் லாஸ் ஏஞ்சலஸ், அதாவது பண பலம் கொண்ட டாட்ஜர்ஸ் அணியின் ஊர். டிவி விளம்பரதாரர்கள் பார்வையில் சான் டியாகோ சிறிய சந்தை.

அந்த ஊரின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியான சார்ஜர்ஸ் 2017-ல் லாஸ் ஏஞ்சலஸுக்கு மூட்டை கட்டிவிட்டது. மிஞ்சியது பாட்ரேஸ்தான். 1969-ல் எம்.எல்.பி-க்கு வந்த இந்த அணி, இன்றுவரை ஒருமுறைகூட கோப்பை வென்றதில்லை. 1984, 1998 என இரண்டு முறை உலக சீரிஸ் இறுதிக்குப் போய், இரண்டிலும் தோற்றது.

இந்தக் குறையைத் தீர்த்தே ஆக வேண்டும் என்று இறங்கியவர் அணியின் உரிமையாளர் பீட்டர் சைட்லர். சிறிய சந்தை என்றால் சிறிய செலவுதான் செய்ய வேண்டுமா என்பது அவர் நிலைப்பாடு. ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியருக்கு 14 ஆண்டுகளுக்கு 34 கோடி டாலர். சாண்டர் போகார்ட்ஸுக்கு 11 ஆண்டுகளுக்கு 28 கோடி டாலர். மேனி மச்சாடோவுக்கு 11 ஆண்டுகளுக்கு 35 கோடி டாலர். நடுவே, 2022 ஆகஸ்டில், இளம் திறமைசாலிகளை மொத்தமாக வாஷிங்டன் நேஷனல்ஸ் அணிக்குக் கொடுத்து சோட்டோவையும் கொண்டுவந்தார்கள்.

2023 சீசன் தொடங்கும்போது பாட்ரேஸின் சம்பளச் செலவு சுமார் 25 கோடி டாலர். 30 அணிகளில் மூன்றாவது இடம். மைதானத்துக்கு வந்த ரசிகர்கள் எண்ணிக்கை 32 லட்சத்தைத் தாண்டி, அணியின் வரலாற்றிலேயே உச்சம் தொட்டது.

இவ்வளவு இருந்தும் 82 வெற்றி, 80 தோல்வி. பிளே ஆஃப் வாய்ப்புகூடக் கிடைக்கவில்லை.

பணம் எங்கே சிக்கியது?

தோல்வியைவிடப் பெரிய அடி வேறு பக்கத்திலிருந்து வந்தது.

பாட்ரேஸ் ஆட்டங்களை ஒளிபரப்பி வந்த உள்ளூர் டிவி சேனலின் தாய் நிறுவனமான டயமண்ட் ஸ்போர்ட்ஸ் குரூப், 2023 மார்ச்சில் திவால் மனு தாக்கல் செய்தது. கேபிள் இணைப்பைத் துண்டிக்கும் வாடிக்கையாளர்கள் அதிகமானதுதான் முக்கியக் காரணம். மே மாதம் பாட்ரேஸுக்குக் கொடுக்க வேண்டிய தவணையை அந்த நிறுவனம் கொடுக்கவில்லை. ஆண்டுக்கு சுமார் 6 கோடி டாலர் தந்துகொண்டிருந்த ஒப்பந்தம் அத்துடன் முடிந்தது.

ஒளிபரப்பை எம்.எல்.பி தன் கையில் எடுத்துக்கொண்டது. அந்த சீசனுக்கு, வர வேண்டிய தொகையில் 80 சதவீதம் வரை ஈடுகட்டுவதாகவும் உறுதி அளித்தது. ஆனால் அது அவசரத்துக்குக் கொடுத்த கைத்தாங்கல். நிரந்தர வருமானம் அல்ல. செலவுக்காக அணி 5 கோடி டாலர் கடன் வாங்கியதாகவும் அமெரிக்க ஊடகங்களில் செய்தி வந்தது.

இந்த நேரத்தில்தான், 2023 நவம்பர் 14 அன்று, பீட்டர் சைட்லர் காலமானார். வருமானமும் குறைந்து, 'செலவு செய்யலாம், நான் இருக்கிறேன்' என்று சொன்னவரும் போய்விட்ட நிலையில்தான் அந்த ஆஃப் சீசன் தொடங்கியது.

'லக்சுரி டாக்ஸ்' என்றால் என்ன?

ஐபிஎல் பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். 2025 மெகா ஏலத்தில் ஒவ்வொரு அணிக்கும் 120 கோடி ரூபாய்தான் வரம்பு. அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க முடியாது.

எம்.எல்.பி-யில் அப்படிப்பட்ட உச்சவரம்பு கிடையாது. எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஆனால் ஒரு கோட்டைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு வரி கட்ட வேண்டும். பேச்சு வழக்கில் இதுதான் லக்சுரி டாக்ஸ். 2023-ல் அந்தக் கோடு 23.3 கோடி டாலர். 2024-ல் 23.7 கோடி டாலர்.

முதல் ஆண்டு தாண்டினால் 20 சதவீதம், தொடர்ந்து இரண்டாம் ஆண்டு என்றால் 30 சதவீதம், மூன்றாம் ஆண்டு 50 சதவீதம். மிக அதிகமாகத் தாண்டினால் கூடுதல் வரி தனி. பாட்ரேஸ் 2021, 2022, 2023 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தாண்டியது. 2023-க்கு மட்டும் கட்ட வேண்டிய வரி சுமார் 4 கோடி டாலர். எந்த வீரருக்கும் போய்ச் சேராத, ஒரு ரன்கூட வாங்கித் தராத பணம் அது.

ஒரே ஒரு ஆண்டு கோட்டுக்குக் கீழே வந்துவிட்டால் போதும், விகிதம் மறுபடி 20 சதவீதத்திலிருந்து தொடங்கும். அதனால் 2024-ல் எப்படியாவது கீழே இறங்குவது பாட்ரேஸுக்கு அவசியமானது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வரிக்கான கணக்கில் அந்த ஆண்டு கையில் கொடுக்கும் சம்பளம் எடுத்துக்கொள்ளப்படாது. ஒப்பந்தத்தின் ஆண்டு சராசரிதான் சேரும். மச்சாடோ, போகார்ட்ஸ், டாட்டிஸ் மூவரின் சராசரியைக் கூட்டினாலே 8 கோடி டாலரைத் தாண்டும். 26 பேர் கொண்ட அணியில் மூன்று பேருக்கே வரம்பில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது.

ஏன் சோட்டோ? வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாமே?

நியாயமான கேள்விதான். ஆனால் அனுப்புவது என்றால், வாங்கிக்கொள்ள ஆள் வேண்டுமே.

அப்போது மச்சாடோவுக்கு வயது 31. முழங்கையில் அறுவை சிகிச்சை முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஒப்பந்தமோ 2033 வரை. போகார்ட்ஸுக்கும் அதே வயது, அதே 2033. நாற்பது வயது வரை கோடிக்கணக்கில் கொடுக்க வேண்டிய ஒப்பந்தத்தைத் தலையில் கட்டிக்கொள்ள எந்த அணியும் ஓடிவராது.

சோட்டோ கதை வேறு. எம்.எல்.பி விதிப்படி, ஒரு வீரர் ஆறு ஆண்டு சேவையை முடிக்கும் வரை அவர் மீதான உரிமை அணியிடம் இருக்கும். ஆரம்ப ஆண்டுகளில் குறைந்தபட்ச சம்பளம்தான் கிடைக்கும். 2024-ல் அது 7.4 லட்சம் டாலர். பிறகு பேச்சுவார்த்தை அல்லது நடுவர் குழு மூலம் சம்பளம் ஏறும். ஆறு ஆண்டு முடிந்தால் ஃப்ரீ ஏஜென்ட்.

சோட்டோவுக்கு மிச்சம் இருந்தது 2024 என்ற ஒரே ஆண்டு. அதற்கான சம்பளம் 3.1 கோடி டாலர். அதன் பிறகு அவர் திறந்த சந்தைக்குப் போவார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஏற்கெனவே வாஷிங்டன் அணி 15 ஆண்டுகளுக்கு 44 கோடி டாலர் தருவதாகச் சொன்னபோதே வேண்டாம் என்றவர் அவர். மூன்று பெரிய ஒப்பந்தங்களைச் சுமந்துகொண்டிருந்த பாட்ரேஸால் அவரைத் தக்கவைக்க வழியே இல்லை.

ஆக, கேள்வி 'சோட்டோ வேண்டுமா, வேண்டாமா' என்பதல்ல. ஓராண்டு கழித்து அவர் கிளம்பும்போது பெயருக்கு ஒரு டிராஃப்ட் வாய்ப்பை மட்டும் வாங்கிக்கொள்வதா, அல்லது மதிப்பு இருக்கும்போதே அணிக்குத் தேவையானதை வாங்கிக்கொள்வதா என்பதுதான்.

கைக்கு வந்தது என்ன?

அணியின் அப்போதைய தேவை பந்துவீச்சாளர்கள், அதாவது பிட்சர்கள். அந்தக் குளிர்காலத்தில் பாட்ரேஸிலிருந்து வரிசையாக ஆட்கள் கிளம்பினார்கள். 2023-ல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வென்ற பிளேக் ஸ்னெல் போனார். கடைசி இன்னிங்ஸை முடித்துவைக்கும் ஜாஷ் ஹேடர், 5 ஆண்டுகளுக்கு 9.5 கோடி டாலர் வாங்கிக்கொண்டு ஹூஸ்டனுக்குப் போனார். சேத் லூகோவும் மைக்கேல் வாக்காவும் கேன்சஸ் சிட்டிக்குப் போனார்கள்.

அணியின் தலைமை நிர்வாகி ஏ.ஜே. பிரெல்லர், யாங்கீஸிடம் கேட்டதும் அதைத்தான். சோட்டோவையும் டிரென்ட் கிரிஷாமையும் கொடுத்து, மைக்கேல் கிங், ஜோனி பிரிட்டோ, ராண்டி வாஸ்கெஸ், ட்ரூ தார்ப் என நான்கு பிட்சர்களையும் கைல் ஹிகாஷியோகா என்ற கேட்சரையும் வாங்கினார்.

அதோடு நிற்கவில்லை. அந்த நால்வரில் ஒருவரான தார்ப்பையும் வேறு மூவரையும் 2024 மார்ச்சில் சிகாகோ ஒயிட் சாக்ஸுக்குக் கொடுத்து, டிலன் சீஸ் என்ற முன்னணி பிட்சரை எடுத்துக்கொண்டார்.

இப்போது கணக்கைப் பாருங்கள். சோட்டோவும் கிரிஷாமும் போனதால் மிச்சமானது சுமார் 3.65 கோடி டாலர். கிங்கின் 2024 சம்பளம் 31.5 லட்சம். சீஸின் சம்பளம் 80 லட்சம். இருவருக்கும் சேர்த்து 1.12 கோடி டாலர்கூட வரவில்லை.

அந்த இருவரும் என்ன செய்தார்கள்? யாங்கீஸில் பெரும்பாலும் இடையில் வந்து பந்து வீசிக்கொண்டிருந்த கிங், முழுநேரத் தொடக்க பிட்சராக மாறி, ஒன்பது இன்னிங்ஸுக்கு சராசரியாக 2.95 ரன் மட்டுமே கொடுத்தார். சீஸ் 14 வெற்றிகளுடன், ஜூலை 25 அன்று எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் 'நோ ஹிட்டர்' வீசினார். பாட்ரேஸ் வரலாற்றிலேயே அது இரண்டாவது நோ ஹிட்டர்.

மலிவு விலையில் மூன்று தேர்வுகள்

பேட்டிங்கில் விழுந்த பள்ளத்தை எப்படி நிரப்பினார்கள்? பெரிய பெயர் எதையும் வாங்கவில்லை.

ஜாக்சன் மெரில்: வயது 20. ஷார்ட் ஸ்டாப் இடத்தில் ஆடிப் பழகியவர். அவரை நேராக சென்டர் ஃபீல்டில் நிறுத்தினார்கள். 24 ஹோம் ரன் அடித்து, அறிமுக சீசனிலேயே ஆல் ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். புதுமுகம் என்பதால் பெரிய சம்பளம் தேவைப்படவில்லை.

ஜூரிக்சன் புரோஃபார்: பிப்ரவரி வரை எந்த அணியும் எடுக்காமல் இருந்தவர். ஓராண்டுக்கு 10 லட்சம் டாலர் ஒப்பந்தம். அவரும் 24 ஹோம் ரன், அவரும் ஆல் ஸ்டார்.

லூயிஸ் அராயெஸ்: சீசன் தொடங்கிய பிறகு, மே மாதம் மயாமியிலிருந்து வந்தவர். டிரேட் பேசும்போதே, அவர் சம்பளத்தில் பெரும்பகுதியை மயாமியே கட்ட வேண்டும் என்று பாட்ரேஸ் பேரம் பேசிவிட்டது. பாட்ரேஸ் கொடுத்தது குறைந்தபட்ச சம்பள அளவு மட்டும். எல்லாம் அந்த வரிக் கோட்டைத் தாண்டக் கூடாது என்பதற்காகத்தான். அந்த ஆண்டு நேஷனல் லீகின் பேட்டிங் சராசரி பட்டத்தையும் அவர் தட்டிச் சென்றார்.

அப்போ, சோட்டோ போனதால்தான் அணி ஜெயித்ததா?

இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 82-லிருந்து 93 என்ற எண்ணிக்கை முழு உண்மையைச் சொல்லவில்லை.

2023-ல் பாட்ரேஸ் எடுத்த ரன்கள் 752, கொடுத்த ரன்கள் 648. அதாவது 104 ரன் உபரி. பொதுவாக இப்படி ஆடும் அணி 90 ஆட்டங்களுக்கு மேல் வெல்ல வேண்டும். ஆனால் ஒரே ஒரு ரன் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில் 9 வெற்றி, 23 தோல்வி. கூடுதல் இன்னிங்ஸுக்குப் போன 14 ஆட்டங்களில் வென்றது இரண்டே இரண்டு. நெருக்கமான ஆட்டங்களில் இவ்வளவு தோல்வி என்பதில் துரதிர்ஷ்டத்துக்கும் பெரிய பங்கு உண்டு.

2024-ல் எடுத்த ரன்கள் 760, கொடுத்தவை 669. உபரி 91. ரன் கணக்கில் பார்த்தால் புதிய அணி பழைய அணியைவிட மேலானது அல்ல. ஒரு படி கீழேதான்.

அதனால் 'ஸ்டாரை அனுப்பினால் அணி உருப்படும்' என்பது தவறான பாடம். 11 கூடுதல் வெற்றிகளில் அதிர்ஷ்டத்தின் பங்கும் இருக்கிறது. பாட்ரேஸின் உண்மையான சாதனை வேறு: ஏறக்குறைய அதே தரமுள்ள ஒரு அணியை, 8 கோடி டாலர் குறைவான செலவில் கட்டியதுதான். வரிக் கோட்டுக்குக் கீழேயும் வந்துவிட்டார்கள்.

அந்த 93 வெற்றி பாட்ரேஸை பிளே ஆஃபுக்குக் கொண்டுபோனது. முதல் சுற்றில் அட்லாண்டாவை வீழ்த்தினார்கள். அடுத்த சுற்றில் பரம எதிரி டாட்ஜர்ஸுக்கு எதிராக 2-1 என முன்னிலை. கோப்பை நெருங்குகிறது என்று ஊரே நினைத்த நேரத்தில் பேட்டிங் படுத்துவிட்டது. கடைசி 24 இன்னிங்ஸில் ஒரு ரன்கூட எடுக்காமல் தொடரை இழந்தார்கள். டாட்ஜர்ஸ் அப்படியே போய் கோப்பையை வென்றது.

சோட்டோ மாதிரி ஒருவர் அந்த 24 இன்னிங்ஸில் இருந்திருந்தால்? இந்தக் கேள்விக்கு எந்தக் கணக்கிலும் பதில் இல்லை.

யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்?

யாங்கீஸ்: சோட்டோ 41 ஹோம் ரன் அடித்தார். 2009-க்குப் பிறகு முதல்முறையாக அணி உலக சீரிஸுக்குப் போனது. டாட்ஜர்ஸிடம் 4-1 எனத் தோற்றது. சீசன் முடிந்ததும் சோட்டோ அதே ஊரின் மெட்ஸ் அணிக்குப் போய்விட்டார். 15 ஆண்டுகளுக்கு 76.5 கோடி டாலர். யாங்கீஸ் ஓராண்டுக்காகக் கொடுத்த விலைதான் அந்த ஐந்து வீரர்கள்.

வாஷிங்டன்: 2022-ல் சோட்டோவைக் கொடுத்து வாங்கிய இளைஞர்களில் சி.ஜே. ஏப்ரம்ஸ் 2024-லும், மெக்கென்சி கோர், ஜேம்ஸ் வுட் இருவரும் 2025-லும் ஆல் ஸ்டார் ஆனார்கள். பாட்ரேஸின் லாபக் கணக்கை எழுதும்போது இந்த நஷ்டத்தையும் சேர்த்தே எழுத வேண்டும். சோட்டோ சான் டியாகோவில் இருந்தது ஒன்றரை சீசன் கூட இல்லை.

பாட்ரேஸ்: வண்டி ஓடியது. ஆனால் மலிவாகக் கிடைத்தவர்கள் மலிவாகவே இருக்கமாட்டார்கள். 10 லட்சத்துக்கு ஆடிய புரோஃபார், அடுத்த ஆண்டு 3 ஆண்டுகளுக்கு 4.2 கோடி டாலர் பேசி அட்லாண்டாவுக்குப் போனார். 2024 ஜூலையில் பாட்ரேஸ் கொண்டுவந்த டேனர் ஸ்காட், 7.2 கோடிக்கு டாட்ஜர்ஸுக்கே போனார். சீஸ், 2025 சீசன் முடிந்ததும் 7 ஆண்டுகளுக்கு 21 கோடி டாலருக்கு டொரான்டோவில் சேர்ந்தார். மெரிலை மட்டும் 2025 ஏப்ரலில் 9 ஆண்டுகளுக்கு 13.5 கோடி டாலர் கொடுத்துத் தக்கவைத்துக்கொண்டார்கள்.

அடுத்து என்ன?

2025-ல் பாட்ரேஸ் 90 ஆட்டங்களில் வென்றது. ஆனால் பிளே ஆஃபின் முதல் சுற்றிலேயே சிகாகோ கப்ஸிடம் வெளியேறியது. டாட்ஜர்ஸ் மறுபடியும் சாம்பியன்.

அந்த நவம்பரில் சைட்லர் குடும்பம் அணியை விற்பது உள்ளிட்ட வாய்ப்புகளைப் பரிசீலிப்பதாக அறிவித்தது. யார் வாங்கினாலும் மச்சாடோ, போகார்ட்ஸுக்கு 2033 வரையும், டாட்டிஸுக்கு 2034 வரையும் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும். பணக்கார உரிமையாளர் வந்தால் மறுபடி செலவு செய்வாரா, இல்லை இன்னும் இறுக்கிப் பிடிப்பாரா என்பதுதான் சான் டியாகோ ரசிகர்களின் கவலை.

இன்னொரு தேதியும் முக்கியம். வீரர்கள் சங்கத்துக்கும் அணி உரிமையாளர்களுக்கும் இடையிலான தற்போதைய ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது. டாட்ஜர்ஸ், மெட்ஸ் போன்ற அணிகளின் செலவைக் கட்டுப்படுத்த ஐபிஎல் பாணியில் உச்சவரம்பு வேண்டும் என்ற குரல் உரிமையாளர்கள் தரப்பில் வலுத்திருக்கிறது. வீரர்கள் சங்கம் பல ஆண்டுகளாக அதை எதிர்த்து வருகிறது.

உச்சவரம்பு வந்தால் பாட்ரேஸ் மாதிரி அணிகளுக்கு நல்லதா? ஒரு வகையில் ஆம், டாட்ஜர்ஸின் கை கட்டப்படும். ஆனால் ஏற்கெனவே மூன்று பேருக்கு இவ்வளவு பெரிய தொகையை எழுதிக் கொடுத்துவிட்ட அணிக்கு, அந்த வரம்பே அடுத்த தலைவலியாகவும் மாறலாம். எப்படி இருந்தாலும், குறைந்த விலையில் நல்ல வீரர்களைக் கண்டுபிடிக்கும் வேலையை அவர்கள் ஒவ்வொரு குளிர்காலமும் புதிதாகத் தொடங்கியே ஆக வேண்டும்.